ஐம்பது பேர் கல்யாணம்

எங்கள் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் போதும் என்று கஞ்சிக்கோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேர் முடிவு செய்தோம். அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் அதை முடிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஏதோ ஆசைப்படுகிறார்கள், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

நான் அங்கே ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். இப்போது என் வீட்டுக்காரராக இருப்பவர் அதே கம்பெனியில் மிஷின்களைப் பழுது பார்ப்பவர். எங்கள் வீடு கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். அவருடைய வீடு மூணாறில் மாட்டுப்பட்டி தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீடு. எங்களுக்கு மாரியம்மன், அவர்களுக்கு மாதா. இரண்டு பேரும் வீட்டில் சொல்லி, அழ வேண்டியவர்கள் அழுது, பட்டினி கிடக்க வேண்டியவர்கள் ஒரு வேளை கிடந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் டீக்கடை பெஞ்சுக்கு வந்திருந்தோம்.

செலவு எங்களுடையது என்பதில் இரண்டு பேருக்கும் மாறுபாடு இல்லை. அப்பாவின் தென்னைகளை வெள்ளை ஈ தின்றுகொண்டிருந்தது. தண்ணீருக்காகத் தோண்டிய இரண்டு போர்க்குழியிலும் தூசிதான் வந்தது. இவருடைய அம்மா முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிச் சேர்த்ததில் கை வைப்பது என்ற பேச்சே கிடையாது. எங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எவ்வளவோ அவ்வளவுக்குள் கல்யாணம். கடன் கூடாது. ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கையெழுத்து, ஒரு வேளைச் சாப்பாடு, ஆளுக்கு இருபத்தைந்து பேர். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது.

எளிமையான கல்யாணத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் எதிர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் ஒரே குரலில் ஆதரித்தார்கள். தாங்கள் கேட்கும் ஒரே ஒரு விஷயம் மட்டும் இருந்தால் போதும் என்றார்கள். அம்மாவுக்கு நாதஸ்வரம். சித்திக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பை. மாமாவுக்கு வீடியோ, அதிலும் மேலே பறந்து எடுக்கிற வீடியோ. பதினோரு பேர் ஆளுக்கொரு எளிமையைக் கேட்டால் அது என்னவாகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இதில் பெரியப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்த முதல் வாரம், இந்தக் கல்யாணம் நடந்தால் எங்கள் வாசல்படி மிதிப்பதில்லை என்றார். இரண்டாவது வாரம் மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை, பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். மூன்றாவது வாரம் மிதிப்பதில்லை என்று சொன்ன அதே வாசல்படியில் உட்கார்ந்து, எந்த மண்டபம், எத்தனை கார் என்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பாளர் நிர்வாகி ஆகிவிட்டார். எதிர்ப்பாளராகவே இருந்திருந்தால் செலவு குறைந்திருக்கும்.

மண்டபம் அவருக்குத் தெரிந்தவருடையதாம், பாதி வாடகைக்குக் கிடைக்குமாம். எண்ணூறு பேர் உட்காருகிற இடம். அதில் ஐம்பது பேர் உட்கார்ந்தால் ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி இருக்காதா என்று கேட்டேன்.

"அதுக்கென்ன அம்மிணி, எண்ணூறு பேரைக் கூப்பிட்டாப் போச்சு," என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளில்தான் கல்யாணத்துக்கு உண்டான வேலைகள் ஏதோ கொஞ்சம் நடந்தன. பத்தாம் நாளிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம், நான் எதிரில் நிற்கும்போதே, அம்மாவிடம் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்.

இதற்கு நடுவில் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் மனு கொடுத்தோம். மதம் மாறாமல் இரண்டு மதத்துக்காரர்கள் கட்டிக்கொள்வதென்றால் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம். அந்த நோட்டீஸ் பலகை இருக்கும் இடம்தான் விசேஷம். பத்திரம் பதிய வருகிறவர்கள், வில்லங்கம் பார்க்க வருகிறவர்கள், பாகம் பிரித்துச் சண்டை போட வருகிறவர்கள், எல்லாரும் அதன் கீழே போட்டிருக்கும் பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்குப் படிக்க வேறு என்ன இருக்கிறது? பத்திரிகை அச்சடிக்கிற செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நாங்கள் பத்திரிகையே அடிக்கவில்லை. சர்க்கார் எங்களுக்காக ஒன்று அடித்து, நிலம் வைத்திருக்கும் எங்கள் சுற்றுவட்டாரத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் பெயர், வயது, விலாசத்தோடு தெரியப்படுத்திவிட்டது. இவருடைய வீடு இருக்கும் இடுக்கி மாவட்டத்திலும் ஒரு பிரதி ஒட்டினார்கள். விட்டுப் போனவர்கள் என்று யாரும் இல்லை.

ஆட்சேபம் எழுதிக் கொடுக்க ஒருவரும் ஆபீசுக்குப் போகவில்லை. எல்லாரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பலகையில பாத்தனுங்க. எங்களைக் கூப்பிடோணும்னு தோணலீங்களா?" என்பதுதான் ஆட்சேபம். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, கூப்பிடாமல் இருப்போமா, நாளைக்கு வரலாம் என்றிருந்தோம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் விட முடியாதவர்கள் என்று தலைப்புப் போட்டு எழுதத் தொடங்கினாள். அறுபத்திரண்டாவது பெயர் வந்தபோதும் அவள் தன் அண்ணன் தம்பிகளை எழுதத் தொடங்கியிருக்கவில்லை.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மண்டபம் இல்லை. கையெழுத்து முடிந்ததும் எங்கள் களத்திலேயே பந்தல் போட்டுச் சாப்பாடு. கோயில் திருவிழாவுக்குச் சமைக்கிற பக்கத்துத் தெரு அக்கா சமைப்பார். நாதஸ்வரம் இல்லை, பை இல்லை, எதுவும் மேலே பறக்காது.

இதைச் சொல்லிவிட்டு வர அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மூணாறு போனோம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து திரும்பக் கேரளாவுக்குள் ஏறுகிற வழி. அம்மா ஏறுகிற வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே, இவ்வளவு தூரத்திலா பெண் கொடுக்க வேண்டும் என்றாள். நாங்கள் இருக்கப்போவது கஞ்சிக்கோட்டில் என்று பத்து முறை சொல்லியிருப்பேன்.

அவருடைய அம்மா, என் அத்தை, வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். லயத்தில் இருந்த பாதிப்பேர் அந்தச் சின்ன அறைக்குள் இருந்தார்கள். மீதிப்பேர் ஜன்னலில் இருந்தார்கள். உங்களுக்கு என்ன எதிர்பார்ப்பு, வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று அப்பா மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். போர்க்குழி தோண்டும்போதும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"பொண்ணக் குடுங்க. வந்தவுகளுக்கு ஒரு வேளைச் சோறு போடுங்க. வேற என்ன வேணும்?" என்றார் அத்தை. அப்பா வேட்டியை விட்டார். "சோத்துல கறி மட்டும் இருக்கட்டும். இல்லாட்டி எங்க ஆளுக மொகத்தைத் தூக்கிவச்சுக்குவாக."

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டில் கறி என்பது கேள்விப்படாத விஷயம். அப்பா திரும்பவும் வேட்டியைப் பிடித்தார். வரதட்சணை கேட்டிருந்தால்கூட ஒருவேளை அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். இறங்கி வருகிற வழியில் பஸ்ஸிலேயே பேசி, பந்தலை இரண்டாகத் தடுத்து ஒரு பக்கம் சைவம், ஒரு பக்கம் சிக்கன் பிரியாணி என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இதைக் கேள்விப்பட்ட பெரியப்பா, பரம்பரையில் இப்படி ஒரு பந்தல் போட்டதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். நான் எதிரில்தான் இருந்தேன்.

பஸ் செலவு எங்களுடையது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அத்தை சொல்லியிருந்தார். ரொம்பக் குறைந்த வாடகைக்கு ஒரு பஸ் கிடைத்தது என்று பிறகு போனில் சந்தோஷமாகச் சொன்னார். எதற்குக் குறைந்த வாடகை என்று நான் கேட்டிருக்க வேண்டும். பார்க்கிற எல்லாரிடமும் ஏன் இவ்வளவு விலை என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலையில் வாடகை நகைக்காரர் பெட்டியோடு வந்து, மாலை, ஒட்டியாணம், தோளுக்கு வங்கி என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து, அடுத்த நாள் பத்து மணிக்குள் திருப்ப வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் தங்க முலாம். போட்டுக்கொண்டு நான் வெளியே வந்ததும் பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார். தட்டான் கடைத் தராசுகூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது.

ஒன்பது மணிக்கு இவருடைய போன் வந்தது. மாப்பிள்ளையாக ஊர்வலம் வர வேண்டும் என்று முதல் நாளே எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். சின்னாறு தாண்டி செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். அந்த பஸ்ஸுக்குத் தமிழ்நாட்டுக்குள் போக பர்மிட் இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் டிரைவர் கிளம்பியிருக்கிறார். யாரோ கேட்டுவிட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்கு அதற்குத்தான் சம்பளம்.

ரிஜிஸ்ட்ரார், மூன்று மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார். நான் உடுமலையில் வேன் பிடிக்க முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டேன். இவர் நிதானமாக, லைன் பஸ்ஸில் வருகிறோம் என்றார். ஒரு மிஷின் நின்றுபோனால் எப்படிப் பேசுவாரோ அதே குரல். பின்னாலிருந்து அத்தை போனை வாங்கினார்.

"ஏ தாயி, பஸ்ஸுதான நின்னுச்சு, நாங்க நிக்கலையே. வந்துருவோம். நீ அழுது கிழுது மையைக் கலைச்சுக்காத."

முப்பத்தெட்டுப் பேர், நான்கு கட்டைப் பை, ஒரு பெரிய கேக். சின்னாற்றில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து வழியோடு வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு உடுமலை வந்தார்கள். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பொள்ளாச்சி. பொள்ளாச்சியில் எல்லை வரைக்கும் வருகிற டவுன் பஸ். அதில் ஏறியதும் அத்தை எனக்குப் போன் செய்தார். இங்கே பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாதாம், முன்னாடியே தெரிந்திருந்தால் எஸ்டேட் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன் என்றார். நல்லவேளை, தெரிந்திருக்கவில்லை.

இங்கே களத்தில் பன்னிரண்டு மணிக்கே பந்தி ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை வரவில்லை என்றால் பசிக்காதா என்ன? கல்யாணத்தில் கறி சாப்பிடுவது ஆகாது என்று சொன்னவர்கள் எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாகப் போனார்கள். ஒருவரும் சீக்கிரம் திரும்பவில்லை. அம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டு இரண்டு அண்டா பிரியாணியை வீட்டுக்குள் இழுத்து வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு இவர்கள் கோபாலபுரம் எல்லையில் வந்து இறங்கிவிட்டார்கள். அங்கிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வரும் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம். ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு மணி நேரம்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடு வாசலில் நின்றேன். ஒட்டியாணம் மூச்சு விட விடவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்துத் திட்டம் போட்ட பெண் நான்தான், ஒரு ஜீப்புக்கு மட்டும் இடம் விட்டிருக்கவில்லை. அப்பா யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். பந்தலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்தார். ஐந்து வாரத்துக்குப் பிறகு, அம்மா நடுவில் இல்லாமல், என்னைப் பார்த்துப் பேசினார்.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்களை ரோட்டுல நிக்க உடுவாங்களா அம்மிணி? நான் எதுக்கு இருக்கறேன்?"

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் டிராக்டரில் பெட்டியை மாட்டினார். உர மூட்டை ஏற்றுகிற பெட்டி. பந்தலில் விரித்திருந்த ஜமுக்காளத்தை, அதில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, உருவிக்கொண்டு போய் அதில் விரித்தார். வாழைக் கன்று ஒன்றை வெட்டி முன்னால் கட்டினார். எத்தனை கார் என்று கேட்டவர் ஒரு டிராக்டரில் கிளம்பினார்.

பெண்களும் குழந்தைகளும் பெட்டியில், ஆண்கள் கிடைத்த ஆட்டோக்களில், மாப்பிள்ளை மட்டும் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் மட்கார்டின் மேல். குறுக்கு வழி இருந்தது. பெரியப்பா கடைவீதி வழியாகத்தான் வந்தார், அதுவும் மெதுவாக. எங்கள் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை, மூணாற்றிலிருந்து, கம்பெனியில் பர்மனென்ட் என்று வழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாராம். அவர்தான் அண்ணன், அப்பா தம்பி. அந்தப் பரபரப்பில் அவருக்கு முறையே மாறிவிட்டது.

மூன்று மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது, நாங்கள் முன்பே போய்க் காத்திருந்த ஆபீஸ் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. அத்தை முதலில் கேக்கை இறக்கினார், பிறகு தான் இறங்கினார். நான்கு பஸ்ஸிலும் ஒரு டிராக்டரிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த கேக்கில் ஒரு பக்கம் சரிந்து, கை நீட்டி வாங்கிய இவருடைய சட்டையில் ஒட்டிக்கொண்டது. ரிஜிஸ்ட்ரார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, சாட்சி மூன்று பேர் போதும் என்று மலையாளத்தில் சொன்னார்.

முதல் சாட்சியாகப் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். கையில் இருந்த கிரீஸ் ரிஜிஸ்டரில் ஒரு பெருவிரல் அளவுக்குப் பதிந்தது. ரிஜிஸ்ட்ரார் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் பக்கத்தைத் திருப்பினார். இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று நான் சொல்ல வேண்டிய வரியைச் சொன்னபோது, பக்கத்தில் நின்றவரிடமிருந்து டீசல் வாசனையும் கேக் வாசனையும் சேர்ந்து வந்தது. இரண்டு மாதமாக எந்நேரமும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கூட்டல் கழித்தல் அந்த ஒரு நிமிஷம் நின்றுபோயிருந்தது. அப்பா சுவரோரமாக நின்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். ஆபீசில் தூசிக்கும் குறைவில்லை.

அன்றைக்கு விழுந்த இலை முந்நூற்றுச் சொச்சம் என்று சமைத்த அக்கா சொன்னார். கடன் வாங்கவில்லை என்று இப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கஞ்சிக்கோட்டில் எடுத்த வாடகை வீட்டில் ஆறு மாதம் கட்டில் இல்லாமல் பாயில் படுத்தோம். அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

பெரியம்மாவின் பார்வைக்கு என் கழுத்தில் இருந்தது நாற்பது பவுன். அவர் அதை மற்றவர்களிடம் சொல்லும்போது நாற்பத்தைந்து ஆகியிருந்தது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அந்த நாற்பத்தைந்து பவுனையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நகைக்காரர் போய்விட்டார். மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்த வருஷத் திருவிழாவுக்கு அப்பாவின் வரியை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். அத்தனையும் வாடகை நகை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா உள்ளேயிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பேசாமல் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டுக்கு மூணாறு போனோம். பெரியப்பாவும் வந்தார், யாரும் கூப்பிடாமலே. அங்கே டீயும் பிஸ்கட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், அதற்கு மேல் எங்களிடம் ஒதுக்கி வைக்க ஒன்றும் இல்லை. போனால் லயத்துக்கு முன்னால் இருந்த வெளியில் சர்ச்சிலிருந்து எடுத்து வந்த நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஒவ்வொன்று வெந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் ரசம், கடைசி வீட்டில் பாயசம். யார் செலவு என்று அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. போன மாதம் அந்தக் கடைசி வீட்டுப் பெண் நடத்திய விசேஷத்துக்கு நான் சோறு வடித்தேன், இந்த மாதம் அவள் பாயசம் வைக்கிறாள் என்றார். கல்யாணச் செலவை எப்படிக் குறைப்பது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். இந்த வழி தெரிந்தவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். பெரியப்பா எதிர் வரிசையில் மூன்றாம் முறையாகக் கோழி வாங்கிக்கொண்டு, கொழுந்து எப்படிக் கிள்ள வேண்டும் என்று முப்பது வருஷமாகக் கிள்ளுகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பரிமாறிய அம்மா ஒருவர் குனிந்து, ஞானஸ்நானத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவதாக யோசனை என்று கேட்டார்.

முதலில் பிள்ளை வரட்டுமே என்றேன்.

"அது வரும்போது வரட்டும் தாயி. அண்டா எத்தனை வேணும்னு இப்பவே சொல்லி வச்சாத்தான் கிடைக்கும்," என்றார்.